நெறியில் பரவிவிட்டது என்றால் எல்லாம் முடிந்ததா?

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் வெளியூரிலேயே ஓடும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் வண்டி ஓரத்தில்தான்.

அப்படி ஒரு வண்டியில் டிரைவராக இருக்கும் 46 வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் எந்தத் தனி மனிதரும் அல்ல. ஆனால், எந்தப் புற்றுநோய்ப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தாலும் அவருடையதைப் போன்ற கதை ஒன்று காதில் விழும்.

அவருக்கு மலத்தோடு ரத்தம் வந்தது. முதலில் எப்போதாவது. பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை. “வண்டிச் சூடு, மூலமா இருக்கும்” என்றார்கள் கூட இருந்தவர்கள். இளநீர் குடித்தார், காரத்தைக் குறைத்தார், மூலத்துக்கு என்று விளம்பரம் ஒட்டியிருந்த இடத்தில் மருந்து வாங்கிச் சாப்பிட்டார். எட்டு மாதம் ஓடியது. மழைக்கு வண்டி ஊர் திரும்பியபோது ஆறு கிலோ இளைத்திருந்தார்.

மனைவிதான் வற்புறுத்தி அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கூட்டிப் போனார். மருத்துவர் கையுறை போட்ட விரலை ஆசனவாய் வழியே விட்டுத் தடவிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கட்டி தட்டுப்பட்டது. குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்ததில் மலக்குடல் புற்றுநோய் என்று உறுதியானது. அடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். மலக்குடலைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளிலும் நோய் பரவியிருக்கலாம் என்றது அறிக்கை. ‘மூன்றாம் நிலை’ என்றார் மருத்துவர்.

அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்விதான்: “ஏனுங்க டாக்டர், நெறி வரைக்கும் போயிருச்சுன்னு போட்டிருக்குதுங்களே... இனி வைத்தியம் பண்ணி பிரயோசனம் உண்டுங்களா?”

உண்டு. மூன்றாம் நிலை என்பது கடைசி நிலை அல்ல. நோயைக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் இந்த நிலையிலும் சிகிச்சை தரப்படுகிறது. ஆனால், அந்த வாய்ப்பு முழுசாகக் கிடைப்பது சிகிச்சையைப் பாதியில் விடாதவர்களுக்குத்தான்.

நெறி என்பது என்ன?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பல்லில் சொத்தை என்றால் தாடைக்குக் கீழே கட்டும். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. அவரை விதை மாதிரி இருக்கும். உடம்பு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சத் தண்ணீர் வடிகாலில் இறங்கி மறுபடி ஆற்றில் சேரும். ராஜவாய்க்கால் பாசனத்தைப் பார்த்த பரமத்தி வேலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உடம்பிலும் அப்படித்தான். திசுக்களில் ஊறும் நீர் மெல்லிய குழாய்கள் வழியே வடிந்து மறுபடி ரத்தத்தில் கலக்கிறது. அதுதான் நிணநீர். போகும் வழியில் அதைச் சோதித்து, கிருமிகளைப் பிடித்து நிறுத்தும் செக்போஸ்ட்டுகள்தான் இந்த முடிச்சுகள்.

புற்றுநோய்க் கட்டியிலிருந்து பிரியும் செல்களும் இதே வழியில் போகலாம். பல சமயம் அவை முதல் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொள்கின்றன. சில சமயம் அங்கேயே வளர ஆரம்பிக்கின்றன. இதைத்தான் ‘நெறியில் பரவியிருக்கிறது’ என்கிறார்கள். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விட்டது என்பது இதற்கு அர்த்தமல்ல. அப்படிப் போனால்தான் நான்காம் நிலை.

கொழுப்புப் பொட்டலத்துக்குள் ஒளிந்த நோய்

பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் அளவுள்ள பகுதிதான் மலக்குடல். அதைச் சுற்றிக் கொழுப்பால் ஆன ஒரு உறை இருக்கிறது. மலக்குடலுக்கு உரிய நிணநீர் முடிச்சுகளில் பெரும்பாலானவை அந்தக் கொழுப்புக்குள்தான் இருக்கின்றன. இது எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கே பல பத்தாண்டுகள் ஆயின.

லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். பழைய முறைப்படி கீழ்ப்பக்கமாக மட்டும் அறுத்துக் கட்டியை எடுத்துக்கொண்டிருந்தவர், 1908-ல் தன் கணக்கைத் தானே வெளியிட்டார். 57 பேருக்கு அப்படி அறுவை செய்ததில் 54 பேருக்கு நோய் திரும்ப வந்திருந்தது. இறந்தவர்களின் உடல்களைச் சோதித்தபோது, மீதியிருந்த நிணநீர் முடிச்சுகளிலிருந்தே நோய் திரும்ப முளைத்ததைக் கண்டார். அதன் பிறகு வயிற்றையும் திறந்து, முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

1932-ல் அதே லண்டனில் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் கத்பர்ட் டியூக்ஸ், மலக்குடல் புற்றுநோயை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார். குடல் சுவருக்குள் இருந்தால் ஏ, சுவரைத் தாண்டினால் பி, நிணநீர் முடிச்சில் இருந்தால் சி. நோயாளி எத்தனை காலம் வாழ்வார் என்பதைக் கணிக்க முடிச்சுகள் எவ்வளவு உதவும் என்பதை அந்த மூன்று எழுத்துகள் காட்டின.

1982-ல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் ஊரைச் சேர்ந்த பில் ஹீல்ட் இன்னொரு படி போனார். கட்டிக்குக் கீழே உள்ள கொழுப்பிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் ஒளிந்திருப்பதை அவருடைய குழு காட்டியது. மலக்குடலையும் அந்தக் கொழுப்பு உறையையும் ஒரே பொட்டலமாக, கிழியாமல், பிரியாமல் எடுக்க வேண்டும் என்றார். அதுவரை பல இடங்களில் நான்கில் ஒருவருக்கு அதே இடத்தில் நோய் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஹீல்டின் நோயாளிகளில் அது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் கீழே இறங்கியது. இன்று உலகம் முழுக்க இதுதான் முறை.

அறிக்கையில் உள்ள எண்கள்

அறுவைக்குப் பிறகு வரும் பயாப்சி அறிக்கையில் ‘2/14’ போல ஒரு எண் இருக்கும். எடுத்துச் சோதித்த முடிச்சுகள் 14, அவற்றில் புற்றுநோய் இருந்தவை 2 என்று பொருள்.

* எதிலும் இல்லை என்றால் என்0.
* ஒன்று முதல் மூன்று வரை என்றால் என்1.
* நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் என்2.

என்1, என்2 இரண்டுமே பொதுவாக மூன்றாம் நிலைதான். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. பரவிய முடிச்சுகளின் எண்ணிக்கை கூடக் கூட, நோய் திரும்பும் வாய்ப்பும் கூடும். ஆகவே ‘மூன்றாம் நிலை’ என்று கேட்டதோடு நிறுத்தாமல், எத்தனை முடிச்சு, கட்டி எவ்வளவு ஆழம் என்பதையும் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

கீழே உள்ள எண்ணும் முக்கியம். குறைந்தது 12 முடிச்சுகளையாவது சோதிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மூன்றே முடிச்சுகளைப் பார்த்துவிட்டு ‘எதிலும் இல்லை’ என்றால் அதை அப்படியே நம்ப முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு. அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு கொடுத்திருந்தால் முடிச்சுகள் சுருங்கிவிடும். அப்போது 12-க்குக் குறைவாகக் கிடைப்பது சகஜம்.

ஸ்கேன் சொல்வது முடிவான தீர்ப்பு அல்ல

ஸ்கேனில் முடிச்சு பெரிதாகத் தெரிந்தால் அதில் புற்றுநோய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சாதாரண அழற்சியிலும் நெறி வீங்கும். மாறாக, சிறிய முடிச்சுக்குள்ளும் நோய் இருக்கலாம். அதனால்தான் எம்.ஆர்.ஐ. பார்க்கும் மருத்துவர்கள் அளவோடு, முடிச்சின் வடிவத்தையும் ஓரங்களையும் பார்க்கிறார்கள்.

முடிச்சு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டி, இடுப்பின் பக்கச் சுவரில் உள்ள முடிச்சுகளுக்கும் போகலாம். அவை ஹீல்ட் சொன்ன பொட்டலத்துக்கு வெளியே இருப்பவை. இதில் அதிக அனுபவம் ஜப்பானிய மருத்துவர்களுக்கு உண்டு. தேவைப்படுகிறவர்களுக்கு அந்த முடிச்சுகளையும் தனியாக எடுக்கிறார்கள்.

எத்தனை பேர் பிழைக்கிறார்கள்?

எல்லோரும் கேட்க நினைத்து, கேட்கப் பயப்படும் கேள்வி இது. அமெரிக்கப் புற்றுநோய் சங்கம் வெளியிடும் கணக்கின்படி, மலக்குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுபவர்கள் 100-க்குச் சுமார் 90 பேர். அக்கம்பக்கத்துத் திசுவுக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ பரவியிருந்தால் 70 பேருக்குச் சற்று மேல். தூரத்து உறுப்புகளுக்குப் போயிருந்தால் 20 பேருக்கும் கீழே.

நடுவில் உள்ள எண்ணைக் கவனிக்க வேண்டும். ‘நெறி வரைக்கும் போயிருச்சு’ என்றதும் குடும்பம் மனதில் எழுதிக்கொள்வது பூஜ்ஜியம். உண்மையான எண் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. இந்தியாவில் பிழைப்பவர்களின் விகிதம் பணக்கார நாடுகளைவிடக் குறைவுதான். தாமதமாக வருவதும் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் அதற்கு முக்கியமான காரணங்கள். இரண்டையுமே பெரும்பாலும் மாற்ற முடியும்.

இந்த எண்கள் கூட்டத்துக்குச் சொல்லப்படுபவை. தனி ஒருவருக்கு என்ன ஆகும் என்பதை அவை சொல்லாது. ‘பிளாக் பேந்தர்’ படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மனுக்கு 2016-ல் மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு இடையிலும் நடித்தார். நோய் நான்காம் நிலைக்குப் போய், 2020 ஆகஸ்டில் 43 வயதில் இறந்தார். ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் மனைவி ஷாரன் ஆஸ்போர்னுக்கு 2002-ல் பெருங்குடல் புற்றுநோய். நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. அறுவையும் கீமோவும் செய்துகொண்டார். 20 ஆண்டுகளைத் தாண்டியும் வாழ்ந்துகொண்டிருக்கிறார். இருவருக்கும் வந்தது மலக்குடலில் அல்ல, பெருங்குடலில். ஆனால், நிலையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் முடிவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இருவரும் சாட்சி.

சிகிச்சை எப்படிப் போகும்?

முடிச்சுகளில் சந்தேகம் இருந்தால் நேராகக் கத்தியை எடுப்பது இப்போது பொதுவாக வழக்கமில்லை. முதலில் கதிர்வீச்சு. ‘கரண்ட் வைக்கிறது’ என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். ஐந்து வாரத்துக்குச் சற்று மேல் தினமும் கொடுத்து, கூடவே கீமோ மாத்திரை தருவது ஒரு முறை. ஐந்தே நாளில் முடிப்பது இன்னொரு முறை. பலருக்கு, ஊசி வழிக் கீமோவையும் அறுவைக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். கட்டி சுருங்கிய பிறகு அறுவை. 2023-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, தேர்ந்தெடுத்த சிலருக்குக் கதிர்வீச்சு இல்லாமல் கீமோ மட்டும் கொடுத்து அறுவை செய்தாலும் பலன் குறையவில்லை என்று காட்டியது. இவர்களில் முடிச்சில் சந்தேகம் இருந்தவர்களும் உண்டு. யாருக்கு எது என்பதை மருத்துவக் குழு முடிவு செய்யும்.

முன்சிகிச்சைக்குப் பிறகு எடுத்த முடிச்சுகளில் நோய் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தால் அது நல்ல சேதி. முதல் ஸ்கேனில் என்ன இருந்தது என்பதைவிட, சிகிச்சைக்குப் பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்பதே எதிர்காலத்தை நன்றாகச் சொல்லும்.

சிலருக்குக் கட்டி முற்றிலும் மறைந்துவிடுவதும் உண்டு. அவர்களை உடனே அறுக்காமல், நெருக்கமாகக் கண்காணிக்கும் முறையை பிரேசில் நாட்டு மருத்துவர் ஆஞ்செலிட்டா ஹாபர்-காமா 2004-ல் முன்வைத்தார். சொன்ன தேதியில் தவறாமல் வந்து காட்டுகிறவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

சதைப் பரிசோதனையோடு ‘எம்.எம்.ஆர்.’ என்ற சோதனையையும் செய்யச் சொல்லிக் கேட்கலாம். அதில் குறைபாடு தெரிபவர்கள் சிலர்தான். ஆனால், நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் அத்தகையவர்களுக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சையை முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி மறைந்ததாக 2022-ல் அறிவித்தார்கள். மருந்தின் விலை அதிகம். இருந்தாலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வீட்டில் நடக்கும் விவாதம்

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று ராத்திரி, டிரைவரின் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: “கத்தி வெச்சா பரவிரும்டா தம்பி. அறுக்காம மருந்துலயே பார்த்துக்கலாம்.”

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள முடியும். ஒரு காலத்தில் முற்றிய பிறகே அறுவைக்கு வந்தார்கள். மைல்ஸின் 54 பேரைப் போலப் பலருக்கு நோய் திரும்பியது. ‘அறுத்ததால்தான் பரவியது’ என்று ஊர் முடிவு கட்டியது. உண்மையில் நோய் ஏற்கெனவே முடிச்சுகளில் இருந்தது. சதை எடுத்துச் சோதிப்பதால் இந்த நோய் பரவிவிடும் என்பதும் வீண் பயம்தான். அந்தச் சோதனை இல்லாமல் சிகிச்சையே தொடங்க முடியாது.

அடுத்த பயம் பை. வயிற்றில் துளை போட்டு மலம் வெளியே வர வழி செய்வது பலருக்குத் தற்காலிகம்தான். தையல் ஆறியதும் சில மாதங்களில் மூடிவிடுவார்கள். கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தால் மட்டும் அது நிரந்தரமாகலாம். பையோடு வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணம் காட்சிக்குப் போகிறவர்கள் ஏராளம்.

மூன்றாவது பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். புற்றுநோய் சிகிச்சைகளும் அதில் உண்டு. காட்டை விற்பதற்கு முன், மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு அலுவலரைப் பார்க்க வேண்டும். சென்னை அடையாறு வரை போக வேண்டியவர்களுக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது.

பாதியில் விடுவதற்கு இன்னொரு காரணம் பக்க விளைவு. சில கீமோ மருந்துகளால் பச்சைத் தண்ணீரைத் தொட்டாலே விரல் சுரீர் என்னும்; கால் மரத்துப்போகும். அப்போது மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இடைவெளி விடுவார். தானாக நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. குழந்தை பெற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவர்கள் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே அதைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

ரத்தம் வந்தால் மூலம்தானா?

பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். ஆனால், அதைச் சொல்ல வேண்டியவர் சோதித்துப் பார்த்த மருத்துவர். மூலமும் புற்றுநோயும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கவும் செய்யலாம். கீழே உள்ளவற்றில் எதுவும் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டிவிட வேண்டும்:

* மலத்தோடு ரத்தம் அல்லது சளி
* போய் வந்த பிறகும் இன்னும் மீதி இருப்பது போன்ற உணர்வு
* வழக்கம் மாறி அடிக்கடி போவது, அல்லது மலம் ஒல்லியாக வருவது
* காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை

‘எனக்கு 35 வயதுதான்’ என்று தள்ளிப்போட வேண்டாம். இந்தியாவில் இளம் வயதினருக்கும் இந்த நோய் கணிசமாக வருகிறது. அரசு நடத்தும் புற்றுநோய் பரிசோதனைகள் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றையே முக்கியமாகப் பார்க்கின்றன. மலக்குடலைப் பற்றி நீங்களாகத்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், 40 வயதிலோ அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்துகொள்வது நல்லது.

முதல் சோதனைக்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை. சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. விரலால் பார்க்கும் சோதனைக்குப் பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம். வெட்கத்தை விட்டால் போதும்.

மருத்துவரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

* எத்தனை முடிச்சுகளைச் சோதித்தீர்கள், எத்தனையில் நோய் இருந்தது?
* கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது?
* வெட்டிய ஓரங்களில் நோய் இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா?
* இனி கீமோ தேவையா, எத்தனை முறை?
* அடுத்து எப்போது வந்து காட்ட வேண்டும்?

ரிக் டிரைவரின் குடும்பம் கடைசியில் சிகிச்சைக்கே சம்மதித்தது. கரண்ட், கீமோ, பிறகு அறுவை. அறிக்கையில் வந்த எண் 1/13. அந்த அம்மாள் மறுபடியும் கேட்டார்: “ஒண்ணு இருக்குதுங்களே டாக்டர்?”

“ஒண்ணு இருந்துச்சுங்கம்மா. அதையும் எடுத்தாச்சு. இனி தேதி தவறாம வரணும், அதுதான் உங்க வேலை” என்றார் மருத்துவர்.

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள்தான். அதனால் அவர் சில மாதங்களுக்கு ஒருமுறை சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு வருகிறார். மருத்துவர் சொல்லும்போது ஸ்கேன் எடுக்கிறார். அடுத்த தேதி வீட்டுக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறது. வண்டி எந்த மாநிலத்தில் இருந்தாலும் அந்தத் தேதிக்கு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பது மனைவி போட்ட கண்டிஷன்.